வாசகர் கேள்வி–பதில்: சோனாவுக்கு வயர் இழுக்க யாரைக் கூப்பிடுவது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, வீட்டில் சோனா என்ற வெப்பக் குளியல் அறை வைப்பது பற்றியவை. எல்லாம் ரொறன்ரோ பக்கத்து வாசகர்களுடையவை என்பதால் ஒன்ராறியோ விதிகளை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது சுமார் 1,000 சதுர அடிப் பழைய பங்களோ. பேஸ்மென்ற்றில் 5 அடி அகலம், 7 அடி நீளம், 7 அடி உயரத்தில் சோனா அறை கட்டுகிறோம். 6 கிலோவாற் ஹீற்றர் வாங்க நினைக்கிறோம். தெரிந்தவர் ஒருவர், “என்னிடம் 309ஏ இருக்கிறது, பாதிக் காசுக்குச் செய்து தருகிறேன், பெர்மிற்றை மட்டும் உங்கள் பெயரில் எடுங்கள்” என்கிறார். செய்யலாமா? இல்லையென்றால் சரியான ஆளை எப்படிப் பிடிப்பது? — வாசகி, ஸ்காபரோ

பதில்: செய்யாதீர்கள். அவர் வேலை தெரிந்தவராகவே இருக்கலாம், பிரச்சினை அதில் இல்லை. 309ஏ என்பது மின்தொழிலாளியின் தகுதிச் சான்றிதழ். அதை வைத்திருப்பவர் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் கீழ் வேலை செய்யலாம். வீட்டுக்காரரிடம் நேரே விலை பேசி, காசு வாங்கி, வேலையைப் பொறுப்பெடுக்க வேண்டுமென்றால் ஈ.எஸ்.ஏ. எனப்படும் மின் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் உரிமம் தனியாக வேண்டும். நம்மவர்களில் பலர் இந்த இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“உங்கள் பெயரில் பெர்மிற்” என்பதுதான் இதில் பெரிய வில்லங்கம். சொந்த வீட்டு மின்வேலையைத் தன் கையால் செய்துகொள்ள வீட்டுக்காரருக்கு அனுமதி உண்டு. அதற்கும் ஈ.எஸ்.ஏ.க்கு அறிவிக்க வேண்டும், பெர்மிற் என்று சொல்வது இந்த அறிவிப்பைத்தான். அப்படி உங்கள் பெயரில் அறிவித்தால், வேலையைச் செய்பவர் நீங்கள்தான் என்று எழுதிக் கொடுப்பதாக அர்த்தம். நாளைக்கு ஏதாவது எரிந்தால் காப்புறுதிக்காரர் கையில் இருக்கும் காகிதத்தில் அவர் பெயர் இராது, உங்கள் பெயர்தான் இருக்கும். உரிமம் உள்ளவர் தானே அறிவித்து, தன் பெயரிலேயே செய்வார். இந்த ஒரு வரியை வைத்தே ஆளை எடைபோட்டுவிடலாம்.

தேடுவது கஷ்டமில்லை. உரிம இலக்கம் 7இல் தொடங்கும் ஏழு இலக்க எண். வான் வண்டியிலும் எஸ்டிமேற்றிலும் இன்வொய்ஸிலும் அது இருக்க வேண்டும். அந்த இலக்கத்தையோ நிறுவனத்தின் பெயரையோ ஈ.எஸ்.ஏ. இணையத்தளத்தில் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 20 இலட்சம் டொலர் பொறுப்புக் காப்புறுதி உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று, அதன் பிரதியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பிறகு அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். போனிலேயே விலை சொல்பவரை விடுங்கள். வேலை தெரிந்தவர் முதலில் பனலை, அதாவது வீட்டின் பிரேக்கர் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்பார், அடுத்து ஹீற்றரின் மொடல் இலக்கத்தையும் கையேட்டையும் கேட்பார். எஸ்டிமேற்றில் பிரேக்கரின் அளவு, வயரின் கேஜ் (பருமன்), டைமர் எங்கே வரும், ஈ.எஸ்.ஏ. கட்டணம் உள்ளடக்கமா, உடைத்த சுவரை யார் பூசுவது, இவ்வளவும் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று எஸ்டிமேற்றில் ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் அதில் ஈ.எஸ்.ஏ. அறிவிப்பு விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹீற்றரை வாங்கமுன் அவரைக் கூப்பிடுங்கள். காரணம் பனலில் இருக்கிறது. பழைய பங்களோக்களில் பல இன்னும் 100 அம்பியர் இணைப்பில்தான் ஓடுகின்றன. 240 வோல்ற்றில் அது 24,000 வாற். உங்கள் வீட்டளவுக்குக் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: வீட்டுப் பரப்புக்கு, பேஸ்மென்ற்றின் முக்கால் பங்கையும் சேர்த்து, 6,000 வாற். மின்னடுப்புக்கு 6,000. 15 அம்பியர் ஏசிக்கு 3,600. 5,000 வாற் உலர்த்தியில் கால்பங்கு, 1,250. ஆக 16,850. சோனாவின் 6,000 வாற்றை முழுசாகவே வைத்தாலும் 22,850, அதாவது 95 அம்பியர். இடம் இருக்கிறது. ஆனால் கராஜில் 32 அம்பியர் கார்ச் சார்ஜரும் இருந்தால் அது மட்டுமே 7,680 வாற், கணக்கு உடைந்துவிடும். அப்போது ஒன்று 200 அம்பியருக்கு மாற வேண்டும், அல்லது வீட்டுச் சுமை கூடும்போது சார்ஜரைத் தானாக நிறுத்தும் கருவி போட வேண்டும். இரண்டாவதற்குச் செலவு பெரும்பாலும் குறைவு, அதை முதலில் கேளுங்கள்.

இன்னொன்று, கதவு. உங்கள் அறை 245 கன அடி, சுமார் 7 கன மீற்றர். 6 கிலோவாற் ஹீற்றர்கள் பொதுவாக 8 கன மீற்றர் வரை தாங்கும். ஆனால் கண்ணாடி, ஓடு போன்ற காப்பில்லாத பரப்பு ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 1.2 கன மீற்றரைக் கூட்டிக் கணக்கிடச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். முழுக் கண்ணாடிக் கதவு சுமார் 1.1 சதுர மீற்றர், அதனால் அறை 8ஐத் தாண்டிவிடும். பிறகு 8 கிலோவாற் ஹீற்றர், பருத்த வயர், பெரிய பிரேக்கர் என்று போகும். மரக் கதவில் சின்னக் கண்ணாடி வைத்தால் 6 கிலோவாற்றிலேயே நிற்கலாம். கதவை முடிவுசெய்யாமல் எலக்ட்ரீஷியனிடம் விலை கேட்பதில் பயனில்லை.

வயருக்கு வருவோம். 6,000ஐ 240ஆல் பிரித்தால் 25 அம்பியர். சோனா தொடர்ந்து ஓடுகிற சுமை என்பதால் பிரேக்கரை 80 வீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. 25 அம்பியருக்குக் குறைந்தது 31.25 அம்பியர்ப் பிரேக்கர் தேவைப்படுகிறது. வழக்கமாகப் போடுவது 40 அம்பியர் இரட்டைப் பிரேக்கரும் 8 கேஜ் செப்பு வயரும். கையேடு இதைவிடப் பெரிதாகக் கேட்டால் கையேடு சொல்வதுதான். “உலர்த்திக்குப் போடுகிற மாதிரி 30 அம்பியர் போதும்” என்பவர் கணக்குப் போடவில்லை: 30இல் 80 வீதம் 24. பிரேக்கர் சூடாகிப் பாதியில் ட்ரிப் ஆகலாம். அதற்கு வைத்தியமென்று யாராவது அதே மெல்லிய வயரில் பெரிய பிரேக்கரை மாட்டினால், பிறகு சூடாவது சுவருக்குள் இருக்கும் வயர்.

டைமர் சோனாவுக்கு வெளியே, சுவரில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாததாக, அதைத் தாண்டி ஓடவிடும் வசதி இல்லாததாக இருக்க வேண்டும். அறைக்குள் பிளக் பொயின்ற் வேண்டாம். லைற் சோனாவுக்கென்றே செய்ததாக, பெஞ்சுக்குக் கீழே இருந்தால் நல்லது.

மரவேலைக்காரரும் எலக்ட்ரீஷியனும் ஒருவரோடொருவர் கதைக்காமல் வேலை செய்யும்போதுதான் பிழை வருகிறது. வீட்டில் சாதாரணமாக ஓடும் என்எம்டி90 கேபிள் 90 பாகை வரைதான். சோனாவின் கூரையடியில் வெப்பம் அதைத் தொட்டுவிடும். ஆகவே கேபிள் காப்புப் பஞ்சுக்கு வெளிப்பக்கம், குளிர்ந்த பக்கமாக ஓடி, தரைக்குக் கிட்ட சுவரைத் துளைத்து ஹீற்றரின் இணைப்புப் பெட்டிக்கு வர வேண்டும். அலுமினியத் தாளுக்கும் சீடர்ப் பலகைக்கும் இடையில் கேபிளைச் செருகினால் சில குளிர்காலங்களில் உறை காய்ந்து வெடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பலகை அடிக்கமுன் ஈ.எஸ்.ஏ. பரிசோதகர் பார்க்க வேண்டுமா என்று ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். எல்லா வேலைக்கும் அவர்கள் நேரில் வருவதில்லை. வராவிட்டாலும் திறந்த சுவரைப் படமெடுத்து வையுங்கள், கடைசிக் காசை அறிவிப்பு இலக்கத்தையும் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஐரோப்பிய ஹீற்றர் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. ‘சி.ஈ.’ முத்திரை இருக்கிறது. எலக்ட்ரீஷியன் பூட்டமாட்டேன் என்கிறார். ஏன்? — வாசகர், மார்க்கம்

பதில்: அவர் சரியாகத்தான் சொல்கிறார், அவரை விட்டுவிடாதீர்கள். சி.ஈ. ஐரோப்பியச் சந்தைக்கு. ஒன்ராறியோவில் மின்சாதனத்துக்கு இங்கே ஏற்கப்பட்ட முத்திரை வேண்டும்: சி.எஸ்.ஏ., அல்லது பக்கத்தில் சின்ன ‘சி’ எழுத்துள்ள யூ.எல்., ஈ.ரி.எல். போன்றவை. அது இல்லாமல் பூட்டினால் பரிசோதனையில் நிற்கும். தனியாகக் களப் பரிசோதனை செய்து முத்திரை வாங்க வழி உண்டு, ஆனால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். அங்கே விற்கும் பல ஹீற்றர்கள் 400 வோல்ற் மூன்று பேஸுக்குச் செய்தவை, இங்கே வீடுகளுக்கு வருவது 240 வோல்ற் ஒற்றைப் பேஸ். ஐரோப்பாவில் விற்கும் பின்லாந்து நிறுவனங்களே வட அமெரிக்காவுக்கென்று தனி மொடல் விற்கின்றன. விலைச்சீட்டைப் பார்க்கமுன் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள்.

கேள்வி: கோடை முழுவதும் சோனாவைப் போடவில்லை. இப்போது போட்டால் பத்து நிமிடத்தில் ட்ரிப் ஆகிறது. ஹீற்றர் போய்விட்டதா? — வாசகர், ஏஜக்ஸ்

பதில்: எது ட்ரிப் ஆகிறது என்பதை முதலில் பாருங்கள். பனலில் இருப்பது ‘டெஸ்ற்’ பொத்தான் உள்ள ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் (மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால் துண்டிப்பது) என்றால் காரணம் ஈரமாக இருக்கலாம். சூடாக்கும் குழாய்களுக்குள் மக்னீசியம் ஒக்சைட் தூள் நிரப்பியிருக்கும், நீண்ட நாள் சும்மா கிடந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போட்டவுடன் கொஞ்சம் மின்சாரம் நிலத்துக்குக் கசியும். ஜி.எஃப்.சி.ஐ.க்கு 5 மில்லி அம்பியரே போதும், விழுந்துவிடும். ஹீற்றருக்கு இந்த வகைப் பிரேக்கர் வேண்டாமென்று சில கையேடுகளே சொல்கின்றன. எலக்ட்ரீஷியன் மெகர் என்ற அளவுக் கருவியை வைத்துக் காப்புத் தடையை அளந்துவிட்டு, கையேட்டையும் பார்த்து மாற்றட்டும். நீங்களாக மாற்றிப் பார்க்க வேண்டாம்.

சாதாரணப் பிரேக்கரே விழுகிறதென்றால் அது உண்மையான பழுது: குழாய் வெடித்திருக்கலாம், இணைப்பு தளர்ந்து கருகியிருக்கலாம். பனலில் ஒன்றும் விழாமல் ஹீற்றர் மட்டும் அணைகிறதா? அப்படியென்றால் ஹீற்றரில் அடுக்கியிருக்கும் கல்லைப் பாருங்கள். சந்து விடாமல் இறுக்கி அடுக்கினால் காற்று ஏறாது, ஹீற்றரின் மிகைவெப்பத் தடுப்பு அதை நிறுத்திவிடும். வருடம் ஒருமுறை கல்லை இறக்கி, பொடிந்ததை வீசி, தளர்வாக அடுக்க வேண்டும்.

கேள்வி: பின்வளவில் பீப்பாய்ச் சோனா வைக்கிறோம். பனலிலிருந்து 40 மீற்றர். கேபிள் புதைக்கும் கால்வாயை நாங்களே வெட்டினால் காசு குறையுமா? — வாசகி, விட்பி

பதில்: குறையும், வெட்டுங்கள். முதலில் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அறிவித்து, வாயு, மின் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று அடையாளம் போடுவியுங்கள். அது இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. நேரே புதைக்கும் கேபிளுக்கு 600 மில்லிமீற்றர் ஆழம், குழாய்க்குள் போட்டால் 450. கார் ஓடும் இடத்தின் கீழென்றால் இரண்டும் கூடும். ஒப்பந்தக்காரர் சரி என்று சொல்லும்வரை மண் போடாதீர்கள்.

40 மீற்றரில் 8 கேஜ் வயரில், 6 கிலோவாற் ஹீற்றரின் 25 அம்பியருக்குச் சுமார் 5 வோல்ற் குறையும், பரவாயில்லை. பலர் மறப்பது நியூட்ரல் வயரை. ஹீற்றருக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் அது தேவைப்படாது, ஆனால் 120 வோல்ற் லைற்றுக்கு வேண்டும். நியூட்ரல் இல்லாத கேபிளைப் புதைத்துவிட்டுப் பிறகு லைற் கேட்டால் மறுபடி தோண்ட வேண்டியதுதான்.

கேள்வி: இன்ஃப்ரா ரெட் சோனா வாங்கினால் எலக்ட்ரீஷியனே தேவையில்லை, பிளக்கைச் செருகினால் போதும் என்கிறார்களே? — வாசகர், பிரம்டன்

பதில்: தகட்டில் 1,750 வாற் என்று போட்டிருந்தால் அது 14.6 அம்பியர். சாதாரண 15 அம்பியர் இணைப்பில் தொடர்ந்து எடுக்கக்கூடியது 12. ஆகவே வேறெதுவும் மாட்டாத தனி 20 அம்பியர் இணைப்பு, 12 கேஜ் வயர். அதற்கும் ஆளைக் கூப்பிடுவதென்றால் உரிமமுள்ளவர்தான் வர வேண்டும். பிளக்கைத் திருப்பிப் பாருங்கள்: இரண்டு தகடுகளில் ஒன்று படுக்கையாக இருந்தால் அது 20 அம்பியர்ப் பிளக். அதை அடப்டர் போட்டுச் சாதாரண பொயின்ற்றில் செருக வேண்டாம்.