கேள்வி நேரம்: ஆணையா, ஆலோசனையா?

கேள்வி: பின்னலாடை நிறுவனம் ஒன்றில் உற்பத்திப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எந்த முடிவையும் குழுவினரோடு கலந்து பேசியே எடுக்க வேண்டும் என்று அண்மையில் எங்களுக்கு ஒரு பயிற்சியில் சொன்னார்கள். சரக்கு கப்பலேற வேண்டிய வாரத்தில் துணியின் ஷேடு (சாய நிறம்) மாறிவிட்டால், கூட்டம் போட்டுப் பேச நேரம் ஏது? நெருக்கடியில் உறுதியாக ஆணையிடுபவர்தானே நல்ல தலைவர்?
– வாசகர், திருப்பூர்

பதில்: ஆணையிட்டே தீர வேண்டிய தருணங்கள் உண்டு. ஆனால் அவை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. உயிர்களைப் பறிகொடுத்து இதைக் கற்றுக்கொண்ட துறை விமானப் போக்குவரத்து.

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நெருங்கிய யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்றில், சக்கரங்கள் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டனவா என்ற ஐயம் எழுந்தது. அனுபவம் மிக்க தலைமை விமானி அதைச் சரிபார்ப்பதிலேயே மூழ்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமிட்டார். எரிபொருள் குறைந்து வருவதைத் துணை விமானியும் விமானப் பொறியாளரும் அறிந்திருந்தார்கள், குறிப்பிடவும் செய்தார்கள். அது அவர் மனத்தில் பதியவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோக, ஓடுபாதையை எட்டுமுன்பே விமானம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். வேண்டிய தகவல் அந்தச் சிறிய விமானி அறைக்குள்ளேயே இருந்தது என்பதுதான் இதில் வேதனை. இதைத் தொடர்ந்து அதே நிறுவனம் 1981இல், தலைமை விமானிக்குக் கேட்கவும் மற்றவர்களுக்குச் சொல்லவும் கற்றுத்தரும் பயிற்சியைத் தொடங்கியது.

அதன் பலன் 1989 ஜூலை 19 அன்று தெரிந்தது. டென்வரிலிருந்து சிகாகோ சென்ற அந்நிறுவனத்தின் இன்னொரு விமானத்தில் வால்புற எஞ்சின் வெடித்துச் சிதறி, விமானத்தைத் திருப்பும் பாகங்களை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. திசை திருப்ப வழியில்லாத அந்த நிலைக்கு எந்தக் கையேட்டிலும் விடை கிடையாது. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்றுநர் டென்னி ஃபிட்சை விமானி அறைக்குள் அழைத்து, மீதமிருந்த இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைத்து விமானத்தைத் திருப்பும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். 44 நிமிடங்கள், துணை விமானி, விமானப் பொறியாளர் உட்பட நால்வரும் பேசிப் பேசியே விமானத்தை சூ சிட்டி ஓடுபாதைவரை கொண்டு சேர்த்தார்கள். தரையிறங்கும்போது அது உடைந்து தீப்பிடித்தது என்றாலும், 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

44 நிமிடங்கள் இருந்ததால் பேச முடிந்தது என்பீர்கள். நியாயம்தான். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் விசை இழந்தபோது, தலைமை விமானி சல்லன்பெர்கருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ மூன்றரை நிமிடங்களே. அதுவரை விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி ஸ்கைல்ஸ். சல்லன்பெர்கர் உடனே கட்டுப்பாட்டைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வகை விமானத்தில் அவருக்கே அனுபவம் அதிகம். ஸ்கைல்ஸோ பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்ததால், அவசரகால வழிமுறைப் பட்டியலில் தேர்ச்சியோடு இருந்தார். ஆகவே ஓட்டுவது ஒருவருக்கு, பட்டியல் மற்றவருக்கு என்று வேலை பிரிந்தது. ஹட்சன் ஆற்றில் இறங்கும் தறுவாயிலும், வேறு யோசனை உண்டா என்று அவர் ஸ்கைல்ஸிடம் கேட்டார். 155 பேரும் பிழைத்தார்கள்.

உங்கள் ஷேடு பிரச்சினைக்கு வருவோம். சாயத் தொட்டியில் தீப்பிடித்தால் கத்துங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஷேடு மாறிய சரக்குக்கோ சில மணி நேரமாவது இருக்கிறது. அதைத் திரும்பச் சாயமிட்டால் தேறுமா என்பது சாய மாஸ்டருக்கும், பையர் (சரக்கை வாங்குபவர்) எவ்வளவு வேறுபாட்டை ஏற்பார் என்பது அவரோடு தொடர்பில் இருக்கும் மெர்ச்சண்டைசருக்கும்தான் தெரியும். அவர்கள் இருவரிடமும் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, முடிவை நீங்களே சொல்லுங்கள். பயிற்சியில் சொன்னதுபோல் எல்லாரையும் கூட்ட வேண்டிய தேவையும் இல்லை.

கேள்வி: கீழே பணிபுரிபவர்களிடம் யோசனை கேட்டால் நம் மதிப்புக் குறைந்துவிடாதா?
– பள்ளித் தலைமையாசிரியை, ஈரோடு

பதில்: மேலே சொன்ன ஹெய்ன்ஸ் ஏறத்தாழ 30,000 மணி நேரம் பறந்தவர். அவர் கேட்டதால் அந்த அறையில் தலைவர் யார் என்ற ஐயம் யாருக்கும் எழவில்லை. முன்பே முடிவெடுத்துவிட்டு ஒப்புக்குக் கேட்பதுதான் மதிப்பைக் கெடுக்கும். ஆசிரியர்கள் அதை இரண்டாம் முறையே கண்டுகொள்வார்கள்.

கேள்வி: நான் இளநிலைப் பொறியாளர். ஆபத்தைச் சுட்டிக்காட்டினாலும் என் மேலதிகாரி காதில் வாங்குவதில்லை. என்ன செய்வது?
– வாசகர், நெய்வேலி

பதில்: போர்ட்லண்ட் விபத்தை விசாரித்தவர்கள் தலைமை விமானியை மட்டும் குறை கூறவில்லை. எரிபொருள் நிலைமையின் தீவிரத்தை மற்ற இருவரும் அவருக்கு உறைக்கும்படி எடுத்துச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட்டார்கள். மரியாதை கருதி நாம் பல நேரங்களில் ஆபத்தையே ஜாடையாகத்தான் சொல்கிறோம். ‘அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, ஐயா’ என்பதற்குப் பதிலாக, அளவு என்ன, வரம்பு என்ன, எத்தனை நிமிடத்திற்குள் எதை நிறுத்த வேண்டும் என்று எண்களோடு சொல்லிப் பாருங்கள். அதன்பிறகும் அசையாவிட்டால் பணிக் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதிவிட்டு, பாதுகாப்பு அலுவலரிடம் அன்றே தெரிவியுங்கள்.