ஒன்பது வயதில் எடுத்த முடிவு

சிறுவயது அனுபவங்களும் நமக்குள்ளேயே முட்டிக்கொள்ளும் மதிப்பீடுகளும் வாழ்க்கையை எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். என் வாழ்க்கையில் முப்பது வருடங்களை ஒரு ஜோடிக் கம்மல் தீர்மானித்தது.

வியாசர்பாடியில் நாங்கள் குடியிருந்தபோது அப்பா தன் நண்பர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பர் ஊரைவிட்டே போய்விட்டார். வட்டிக்குக் கொடுத்தவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. மீட்க முடியாமல் ஏலத்திலும் போனது. காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க, அம்மா துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகிக்கொள்வாள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது முந்தானையை இழுத்துக் காதை மறைத்துக்கொள்வாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

வளர்ந்து வங்கியில் கடன் பிரிவிலேயே போய் உட்கார்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. இதை எடுத்துச் சொல்லாமல் எந்த ஜாமீன்தாரரிடமும் நான் பேனாவைக் கொடுத்ததில்லை.

ஆனால், கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவரும் அதே அப்பாதான். தங்கையின் கணவர் கடைக்கான கடனுக்கு ஜாமீன் கேட்டு வந்தபோது முடியாது என்றேன். பிறகு பல இரவுகள் தூக்கமில்லை. நம்புவதும் செய்வதும் ஒத்துப்போகாதபோது வரும் இந்த உறுத்தலை, லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1957-இல் எழுதினார். அதைத் தணிக்க மனம் நியாயங்களைத் தேடிப் போகும் என்றார். நானும் தேடினேன். மாப்பிள்ளைக்குக் கணக்கு வழக்கு போதாது, கடை இருக்கும் தெரு சரியில்லை. இரண்டுமே பொய்.

கடைசியில் அப்பாவிடம் போய்க் கொட்டினேன். "அந்த நண்பன் இன்றைக்கு வந்து கேட்டாலும் கையெழுத்துப் போடுவேன்டா" என்றார். "இரண்டு வயதில் உனக்கு வாந்திபேதி கண்டபோது, நடுராத்திரியில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்." அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது வயதில் நான் பார்த்தது ஈர்க்குச்சியை மட்டும்தான்.

ஜாமீன் கையெழுத்து இன்றுவரை போடவில்லை. வைப்புத் தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே எடுத்து, திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லி மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது என் கண் தங்கையின் காதுக்குத்தான் போனது. கம்மல் இருந்தது.