மேதை என்று யாரைச் சொல்வீர்கள்? மேதைமை பிறவியிலேயே வருவதா?

என் பதில், சிட்னி ரிங்கர். 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த டாக்டர். மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றும்போது 'ஆர்.எல். போடுங்க' என்கிறார்களே, ரிங்கர் லாக்டேட், அந்த ஆர் இவர்தான்.

இவரைப் பற்றி எனக்கு இவ்வளவு யோசனை ஓடியது, எங்கள் செவலைக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்திருந்த ஓர் இரவில். தெருவிலிருந்து தூக்கி வந்த நாட்டு நாய்க்குட்டி அது. வந்த மறுநாளே வாந்தி, பிறகு ரத்தமாகப் பேதி. பார்வோ வைரஸ் குடலின் உள்சுவரில் வேகமாகப் பெருகும் செல்களைத்தான் குறிவைக்கும். குட்டி குடிக்கும் தண்ணீர் உடம்பில் தங்காது, உள்ளே இருக்கும் உப்பும் நீரும் சேர்ந்து வெளியேறிவிடும். வைரஸைக் கொல்ல டாக்டரிடம் மாத்திரை இல்லை. குடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வரை நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். முன்னங்காலில் ஊசி குத்தி, டிரிப்ஸ் ஏற்றி, வாந்தி நிற்க ஒரு ஊசியும் போட்டுவிட்டு, "காலை மடக்க விடாதீங்க சார், மடக்குனா சொட்டு நின்னுடும்" என்று சொல்லிப் போனார்.

அதனால் ராத்திரி முழுக்க அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வப்போது உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவந்துவிட்டால் ரத்த ஓட்டம் பரவாயில்லை. முதலில் மெதுவாகத்தான் சிவந்தது. நள்ளிரவுக்கு மேல் கொஞ்சம் தேறியது. (குட்டி பிழைத்துவிட்டது, கவலைப்படாதீர்கள்.)

கண் எதிரே தொங்கிய பாட்டிலில் ரிங்கர் லாக்டேட் என்று அச்சிட்டிருந்தது. சோடியம், பொட்டாசியம், கால்சியம், லாக்டேட். இதில் கால்சியம் வந்த கதைதான் எனக்கு மேதைமையைப் பற்றிச் சொன்னது.

1880-களின் தொடக்கத்தில் ரிங்கர், வெட்டி எடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். துடித்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்த கரைசல் என்று நினைத்து 1882-இல் முடிவுகளை வெளியிட்டும்விட்டார். ஆனால் அது உண்மையில் குழாய்த் தண்ணீர். நிஜமாகவே வடித்த தண்ணீரில் கலந்தபோது இதயம் சோர்ந்து நின்றுபோனது. சுத்தமான தண்ணீரில் நிற்கிறது, குழாய்த் தண்ணீரில் துடிக்கிறது! இந்த இடத்தில் பழையபடி குழாயைத் திறந்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. குழாய்த் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, இதயத் தசை சுருங்கக் கால்சியம் வேண்டும் என்று கண்டுபிடித்தார். 1883-இல், முதல் கட்டுரையில் இருந்தது குழாய்த் தண்ணீர்தான் என்று அவரே எழுதினார். இத்தனைக்கும் அவருக்கு முழுநேர வேலை நோயாளிகளைப் பார்ப்பது. 1930-களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் லாக்டேட்டைச் சேர்த்தார். அதுதான் செவலையின் காலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

நம் ஊரில் மேதை என்றாலே ராமானுஜன்தான். அவருக்கு எண்களோடு இருந்த உறவு பிறவியில் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போவதற்கு முந்தைய வருடங்களையும் பாருங்கள். காகிதம் கட்டுப்படியாகாமல் ஸ்லேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்த வருடங்கள் அவை. 1920 ஜனவரியில், சாவதற்குச் சில மாதங்களுக்கு முன், படுத்த படுக்கையிலிருந்து புதுக் கண்டுபிடிப்பைப் பற்றி ஹார்டிக்கு எழுதுகிறார். ரிங்கரிடமும் இவரிடமும் நான் பார்ப்பது ஒரே குணம்தான்: புரியாத ஒன்றைப் புரியும்வரை விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பது. எண்ணறிவு பிறவியில் வரலாம். இந்தக் குணத்தில் பாதிக்கு மேல், அந்த விஷயத்தின் மேல் வைத்த பிரியத்தால் வருவது என்றே நம்புகிறேன்.

நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்வோ தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது, அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால் ஒரு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள்.