கிணத்தடியில் நிற்கிற தம்பி

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. இரண்டு வருடத்துக்கு முன் அப்பப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு துடக்கு, அழுக்கு என்று கை கழுவத் தொடங்கினாள். இப்போது குளிக்கப் போனால் இரண்டு மணித்தியாலம். கை வெடித்து இரத்தம் கசிகிறது. "சுத்தம்தானே அம்மா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், ஓம் என்றால்தான் அடங்குவாள். சாத்திரியாரிடம் நூல் கட்டினோம், அந்த நூலையும் கழுவுகிறாள். டொக்டர் தந்த குளிசை இரண்டு கிழமை கொடுத்தோம், கேட்கவில்லை, விட்டுவிட்டோம். தம்பி பாவம், ரியூசனால் எட்டரைக்கு வந்து கிணத்தடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவான். அவன் ஒன்றும் சொல்வதில்லை. நல்ல சம்பந்தம் ஒன்று வந்திருக்கிறது. கலியாணம் கட்டினால் சரியாகுமா?
— ஒரு தாய், கோண்டாவில்

பதில்: தம்பிக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. ரியூசன் என்றபடியால் ஓ.எல். படிக்கிற பெடியனாக இருக்கலாம். மார்கழி மழையிலும் அவன் இரவு எட்டரைக்குத் தலையில் தண்ணீர் வார்க்கிறானா? "ஒன்றும் சொல்வதில்லை" என்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா? ஒரு பிள்ளையின் நோய்க்கு மற்றப் பிள்ளையைப் பணிவிடைக்கு விட்டிருக்கிறீர்கள். பெற்றவர்களுக்கு இரண்டு பிள்ளையும் பிள்ளைதான்.

அந்தக் குளியல் மகளுக்கும் கேடு. இது ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய். 'அழுக்குப் பட்டுவிட்டது' என்ற எண்ணம் அவள் கேளாமலே வருகிறது, நெஞ்சு பதறுகிறது, கழுவுகிறாள், பதற்றம் கொஞ்சம் இறங்குகிறது. கழுவினபடியால்தான் தப்பினோம் என்று மூளை படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் கூடக் கழுவச் சொல்லும். தம்பியின் குளியலும், நீங்கள் சொல்கிற ஒவ்வொரு 'ஓம்'மும் அதே கழுவல்தான், வேறு ஆளின் கையால் நடக்கிறது.

அதற்காக இன்றிரவே கிணத்தடியை மூடிவிட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். பயத்துக்கு முகம் கொடுத்து, கழுவாமல் இருந்து பழகுகிற சிகிச்சை ஒன்று இருக்கிறது. பயிற்சி பெற்றவர் வழிகாட்ட, மகளின் சம்மதத்தோடு செய்ய வேண்டும். அவளைப் பயங்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் 100க்குப் புள்ளி போடச் சொல்வார்கள். 30, 40 புள்ளியில் தொடங்குவார்கள். உதாரணத்துக்கு, தம்பி கால் கை மட்டும் கழுவி விறாந்தைக்கு வருவது. அது பழக, ரியூசன் உடுப்போடு கதிரையில் இருப்பது. பிறகு அதே கதிரையில் அவள் இருந்து, கழுவாமல் இருப்பது. முதலில் பதற்றம் ஏறும். அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ கழுவாமல் பொறுத்தால் பெரும்பாலும் தானாக இறங்கத் தொடங்கும். தினமும் செய்தால்தான் பலன். 90 புள்ளிப் பயத்தில் தொடங்கினாலும், ஒளித்துப்போய்க் கை துடைத்தாலும், தகப்பன் இரங்கி "சுத்தம்தான் பிள்ளை" என்று சொன்னாலும் அன்றைய பாடு வீண். அவள் கேட்டால் வீட்டில் எல்லோரும் ஒரே பதில் சொல்லுங்கள்: "இது வருத்தம் கேட்கிற கேள்வி, நாங்கள் பதில் சொல்வதில்லை என்று பேசினோம் அல்லவா." இதை முன்கூட்டியே அவளோடு பேசி வைத்திருக்க வேண்டும். கோபமாகச் சொன்னால் வேலை செய்யாது.

குளிசைக்கு வருவோம். இரண்டு கிழமையில் 'கேட்கவில்லை' என்று நிறுத்தியது உங்கள் பிழை. ஃபுளுஒக்செற்றின் போன்ற மருந்து 20 மில்லிகிராமில் தொடங்கி, பலருக்கு 40, 60 வரை கூட்ட வேண்டிவரும். இந்த நோய்க்கு அது வேலை செய்கிறதா என்று சொல்லவே 10, 12 கிழமை வேண்டும். முதல் நாட்களில் குமட்டலும் நித்திரைக் குழப்பமும் வரலாம், பெரும்பாலும் குறைந்துவிடும். 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் சாகும் எண்ணம் தலைகாட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும், கண்டால் உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சுகமான பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும். நீங்களாக நிறுத்தக்கூடாது.

கலியாணம் மருந்தல்ல. வருகிற பெடியனையும் கிணத்தடிக்கு அனுப்பவா பார்க்கிறீர்கள்? சில பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றோடு இந்த வருத்தம் கூடுகிறது. அவள் சுகப்பட்டு, தானாக 'ஓம்' என்றால் பேசுங்கள், அப்போதும் மறைத்துப் பேசாதீர்கள். நூல் கட்டியதை நான் குறை சொல்லவில்லை, இதற்குள் இரண்டு வருடம் போய்விட்டது என்பதுதான் ஆத்திரம்.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. ஊராக்கள் கண்டால் கண்டு போகட்டும். போக முன் ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் குறியுங்கள்: எத்தனை மணிக்குக் கழுவினாள், எவ்வளவு நேரம், என்ன தொட்ட பிறகு, ஆரிடம் என்ன கேட்டாள், சவர்க்காரம் எத்தனை முடிந்தது. தம்பி கிணத்தடியில் நின்ற நேரத்தையும் அதே கொப்பியில் எழுதுங்கள்.