தழையும் காகிதமும்

வணக்கம்.
அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1786இல் நடந்த ஷேஸ் கலகத்தைப் பற்றிப் படித்தேன். கடன் கட்ட முடியாதவர்கள் செய்த ரகளை என்கிறார்கள் சிலர், மக்கள் எழுச்சி என்கிறார்கள் வேறு சிலர். ஊர் ஜனம் உண்மையில் யார் பக்கம் நின்றது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘ஷேஸ் கலகம்’ என்பது, தலைவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸின் பெயரால் எதிராளிகள் வைத்த பெயர். கலகம் செய்தவர்கள் தங்களை ‘ரெகுலேட்டர்கள்’ (ஒழுங்குபடுத்துகிறவர்கள்) என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

1786 செப்டம்பரில் மேற்கு மாசசூசெட்ஸின் கிரேட் பாரிங்டனில் நடந்ததைக் கேளுங்கள். நீதிமன்றத்தைக் கூடவிடாமல் விவசாயிகள் மறித்தார்கள். அவர்களை விரட்ட வந்த ஊர்ப்படையில் ஏறத்தாழ ஆயிரம் பேர். பெரும்பாலும் அக்கம்பக்கத்து விவசாயிகள்தான். அந்தப் படையில் நீதிமன்றம் கூடட்டும் என்பவர்கள் சாலைக்கு ஒரு பக்கம், வேண்டாம் என்பவர்கள் மறுபக்கம் போகலாம் என்றார்கள். சுமார் 800 பேர் ‘வேண்டாம்’ பக்கம் போய் நின்றுவிட்டார்கள்!

நீதிமன்றத்தின் மேல் ஏன் இவ்வளவு கோபம்? கடன் வழக்குகள் அங்கேதான் நடந்தன. பிரிட்டனை எதிர்த்து நடந்த சுதந்திரப் போரின் கடனை அடைக்க வரி போட்ட அரசு, அதை நாணயமாகவே கட்டச் சொன்னது. வீட்டில் தானியம் இருக்கும், கொட்டிலில் மாடு இருக்கும், கையில் காசு இருக்காது. அப்புறம் ஜப்தி, இல்லையென்றால் சிறை. சுதந்திரப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்களும் இதில் மாட்டினார்கள். ஷேஸே அந்தப் போரில் கேப்டன்.

தலைநகர் பாஸ்டன் வேறு உலகம். படை திரட்ட அரசிடம் பணமில்லாதபோது அங்கிருந்த வணிகர்கள் கைப்பணம் போட்டார்கள். பிரிட்டிஷ் ராஜாவுக்கு எதிராக ஊரைக் கிளப்பிய அதே சாமுவேல் ஆடம்ஸ், குடியரசை எதிர்த்துக் கிளம்புகிறவனுக்கு மரணம்தான் என்றார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

ஆனால் மேற்கு மாவட்டங்களும் ஒரே மனதாக இல்லை. கலகக்காரர்கள் தொப்பியில் ஹெம்லாக் மரத்தின் தழையைச் செருகினார்கள், அரசு பக்கத்தார் வெள்ளைக் காகிதத்தை. 1787 ஜனவரி 25 அன்று ஷேஸின் ஆட்கள் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக்கிடங்கை நோக்கி நடந்தபோது எதிரே நின்றதும் ஊர்ப்படைதான். அன்று அது பக்கம் மாறவில்லை. ஊர்ப்படை பீரங்கியால் சுட்டதில் 4 பேர் செத்தார்கள், கூட்டம் கலைந்தது. நீதிமன்ற வாசலில் மறிப்பது வரை கூட நின்றவர்களில் பலருக்கு ஆயுதக்கிடங்கு வரை போக மனமில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அதற்காகக் குறை தீர்ந்துவிட்டதா என்ன? சில மாதங்களில் தேர்தல் வந்தது. படையை அனுப்பிய ஆளுநர் ஜேம்ஸ் பௌடன் படுதோல்வி அடைந்தார். ஜெயித்த ஜான் ஹான்காக் காலத்தில் பெரும்பாலோருக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1788இல் ஷேஸுக்கும்.