கேளுங்கோ சொல்லுறம்

கேள்வி: கிணத்து மோட்டரை நிப்பாட்டேக்க சுவிச்சுக்குள்ள நீலமா ஒரு பொறி பறக்குது. காத்தில கரண்ட் பாய எத்தினை வோல்ட் வேணும்? 230 காணுமோ?
– வாசகர், கொக்குவில்

பதில்: தானாப் பாயுறதுக்கு 230 காணாது தம்பி. ரெண்டு தட்டையான தகட்டுக்கு நடுவில ஒரு சென்ரிமீட்டர் இடைவெளி எண்டா கிட்டத்தட்ட 30,000 வோல்ட் வேணும், மில்லிமீட்டருக்கு 3,000 எண்டு மனக்கணக்கு வச்சிருங்கோ, சின்ன இடைவெளிக்கு மில்லிமீட்டர் கணக்கில இதைவிடக் கொஞ்சம் கூடவே கேக்கும், ஆனா ஊசிமுனை மாதிரிக் கூரா இருந்தா மின்புலம் அந்த நுனியில குவியிறதால நல்லாக் குறைஞ்சிடும். ஈரப்பதன், காத்தழுத்தமும் கணக்கை மாத்தும். 1889இல பாஷன் எண்ட ஜெர்மன்காரர் கண்டுபிடிச்ச விதிப்படி, இடைவெளி எவ்வளவு சின்னனா இருந்தாலும் காத்துக்கு ஆகக்குறைஞ்சது 327 வோல்ட் அளவில வேணும். எங்கட வீட்டுக் கரண்ட் ஏறி இறங்குறது, 230 எண்டுறது அதின்ர ஒருவகைச் சராசரி, உச்சமே 325 தான், மயிரிழையில தப்புது பாருங்கோ!

அப்ப பொறி எங்கால? மோட்டர் சுருளுக்க ஓடுற கரண்டைத் திடீரெண்டு வெட்டினா சுருள் விடாது, வோல்டேஜை எக்கச்சக்கமா ஏத்திப் பொறியாத் தள்ளும், பாய்ஞ்ச பிறகு சூடான காத்தே கம்பி மாதிரி, கொஞ்ச வோல்ட்டே போதும். சுவிச்சு கறுத்திருந்தா மாத்துங்கோ, மெயினை நிப்பாட்டிப்போட்டு.