எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது?

கல்லூரிச் சேர்க்கை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் என் மகன் பதினோராம் வகுப்பு முடித்திருக்கிறான். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1600-க்கு 1560, ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண்களின் சராசரி) 3.97, ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) எட்டு. கணினி அறிவியல் படிக்க ஆசைப்படுகிறான். ஹார்வர்டு, எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு, பிரின்ஸ்டன் ஆகியவற்றோடு அதே தரத்தில் இன்னும் ஆறு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறான். ஒவ்வொன்றிலும் ஐந்து சதவீத வாய்ப்புதான் என்றாலும், பத்துக்கு விண்ணப்பித்தால் ஓரிடமாவது கட்டாயம் கிடைக்கும் என்கிறார் என் கணவர். அவனுடைய செயல்பாட்டுப் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன். அவனுக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது?

பதில்: உங்கள் கணவர் போட்ட கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒரு கல்லூரியில் இடம் கிடைக்காமல் போக 95 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்றால், பத்திலும் கிடைக்காமல் போவதற்கான வாய்ப்பு 0.95-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது, அதாவது ஏறக்குறைய 60 சதவீதம். எனவே அந்தக் கணக்கின்படியே பார்த்தாலும் ஓரிடமாவது கிடைக்கும் வாய்ப்பு 40 சதவீதம்தான். அந்த 40-ஐயும் நம்ப முடியாது. பத்துக் குடங்களில் தனித்தனியாகச் சீட்டு எடுத்தால்தான் இப்படிப் பெருக்கலாம். உங்கள் மகனுடைய விஷயத்தில் பத்து அலுவலகங்களுக்கும் போவது ஒரே மதிப்பெண் பட்டியல், ஒரே ஆசிரியர்கள் எழுதிய பரிந்துரைக் கடிதங்கள், பெரும்பாலும் ஒரே கட்டுரை. அவற்றில் ஒரு குறை இருந்தால் பத்துப் பேர் கண்ணிலும் அதே குறைதான் படும்.

அடுத்து, அந்த ஐந்து சதவீதம் என்ற எண்ணையே பிரித்துப் பார்க்க வேண்டும். 2024-இல் ஹார்வர்டுக்கு 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேருக்கு இடம் கிடைத்தது, இது 3.6 சதவீதம். ஆனால் இது எல்லோரையும் சேர்த்துப் போட்ட சராசரி. 2023 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஹார்வர்டு சேர்க்கை வழக்கின் ஆவணங்களிலிருந்து ஓர் உண்மை வெளியே வந்தது: விளையாட்டுக்காக அழைக்கப்பட்டவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், அங்கே பணிபுரியும் பேராசிரியர்கள், ஊழியர்களின் பிள்ளைகள், நிர்வாகத்தின் தனிக் கவனப் பட்டியலில் இருப்பவர்கள் ஆகிய நால்வகையினரும் சேர்ந்து விண்ணப்பித்தவர்களில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு, இடம் பெற்றவர்களிலோ ஏறக்குறைய முப்பது சதவீதம். இந்த வகை எதிலும் சேராத பிள்ளைக்குச் சராசரியை விட வாய்ப்பு குறைகிறது. மறுபுறம், போதிய தயாரிப்பு இல்லாமல் விண்ணப்பிப்பவர்களும் அந்த 54,008 பேரில் உண்டு என்பதால், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குச் சராசரியை விட வாய்ப்பு கூடுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போது, உங்கள் மகன் ஒருவனுக்கென்று ஒரு சதவீதத்தைச் சொல்ல நேர்மையான எவராலும் முடியாது. கல்லூரிக்குக் கல்லூரி இந்த இழுப்பும் மாறும், எம்.ஐ.டி.யில் முன்னாள் மாணவரின் பிள்ளை என்ற சலுகையே கிடையாது.

மதிப்பெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். நம்பிக்கையையும் அதன் மேல் வைக்க வேண்டாம். அதே வழக்கின் ஆவணங்களின்படி, 2019-இல் பட்டம் பெறவிருந்த பிரிவுக்கு உள்நாட்டிலிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தார்கள். அவர்களில் முழு ஜி.பி.ஏ. பெற்றவர்கள் 8,000-க்கும் மேல்; எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் 3,400-க்கும் மேல். வெளிநாட்டவரையும் சேர்த்தே இடம் கிடைத்தவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான். 1560 மதிப்பெண்ணால் உங்கள் மகன் அங்கே போய்ப் படிக்கக்கூடியவன் என்பது தெளிவாகிறது; அதற்கு மேல் அந்த எண்ணால் ஆகக்கூடியது எதுவுமில்லை. 1600 வாங்கட்டும் என்று அவனை இன்னொரு முறை தேர்வுக்கு அனுப்பாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

எட்டு ஏ.பி. பாடங்கள் அதிகமா, குறைவா என்பது அவனுடைய பள்ளி எத்தனை பாடங்களை வழங்குகிறது என்பதைப் பொறுத்தது. விண்ணப்பத்தோடு பள்ளியைப் பற்றிய குறிப்பையும் பள்ளியின் கவுன்சிலர், அதாவது மாணவர் ஆலோசகர், அனுப்புகிறார். இருந்த வசதிக்குள் மாணவன் எவ்வளவு கடினமான பாடங்களை எடுத்தான் என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆகவே கவுன்சிலரிடம் நேரம் கேட்டு வாங்கிப் பேசுங்கள். முந்தைய ஆண்டுகளில் அந்தப் பள்ளியிலிருந்து எந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது, எங்கே மறுக்கப்பட்டது என்பதைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடம் பல பள்ளிகளில் உண்டு. ஒரு புள்ளி விளையாட்டு வீரருடையதா என்பதை வரைபடம் காட்டாது, கவுன்சிலருக்குத் தெரிந்திருக்கும். கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தையும் படியுங்கள். அதன் சி7 பகுதியில் கட்டுரை, பரிந்துரை, முன்னாள் மாணவர் உறவு, கல்லூரி மீது காட்டும் ஆர்வம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அந்தக் கல்லூரி எவ்வளவு முக்கியத்துவம் தருகிறது என்பதை அதுவே குறித்திருக்கும்.

இனி நீங்கள் அனுப்பிய பட்டியலுக்கு வருகிறேன். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான். உங்கள் மகன் முதல் வரியில் ரோபோட்டிக்ஸ் குழுவையும், இரண்டாவதில் கணித மன்றத்தையும், மூன்றாவதில் மாணவர் பேரவையையும் போட்டிருக்கிறான். ஒன்பதாவது வரியில் ‘சனிக்கிழமை சைக்கிள் பழுதுபார்த்தல்’ என்று மூன்றே சொற்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசியில், வேறு எதையோ சொல்ல வந்தபோது, தெருவோரம் எறியப்பட்ட பழைய சைக்கிள்களை அவன் எடுத்து வந்து, வீடியோ பார்த்துத் தானாகவே பழுதுபார்க்கக் கற்று, உங்கள் குடியிருப்பில் இருக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கிறான் என்றும், எந்த வண்டி யாருக்குப் போனது, எப்போது மறுபடி எண்ணெய் போட வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான் என்றும், இதுவரை நாற்பத்தொரு வண்டிகள் ஆகிவிட்டன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அந்த வரியை முதலில் போடச் சொல்லுங்கள். நாற்பத்தொன்று என்ற எண்ணும் அந்த நோட்டும் அதில் இடம்பெற வேண்டும். ரோபோட்டிக்ஸ் குழுவும் கணித மன்றமும் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களில் இருக்கும், அவற்றில் சேரும்படி பிள்ளைகளிடம் யாராவது சொல்லியும் இருப்பார்கள். இந்த வேலையைச் செய்யும்படி உங்கள் மகனிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு சேர்க்கை அலுவலர் அவனை ஒரு மனிதனாகக் காண்பதற்கு இந்தப் பட்டியலில் இருக்கும் ஒரே இடம் அதுதான் என்பது என் கருத்து. அவனுடைய இயற்பியல் ஆசிரியருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் பரிந்துரைக் கடிதம் எழுதும் முன் அவன் போய்ச் சொல்லட்டும். இதனால் ஹார்வர்டு கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். விண்ணப்பத்தில் அவன் உண்மையாகத் தெரிவான் என்று மட்டும் சொல்வேன்.

பட்டியலில் உள்ள பத்துக் கல்லூரிகளும் யாருக்குமே உறுதியில்லாதவை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அவற்றில் நான்கைந்தை எடுத்துவிட்டு, அங்கே சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் அவனுடைய மதிப்பெண் முதல் கால்பகுதிக்குள் வரும் கல்லூரிகளையும், உங்கள் மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தையும் சேருங்கள். கணினி அறிவியலுக்குப் பல இடங்களில் போட்டி தனி. கார்னெகி மெலன், இல்லினாய்ஸ் அர்பானா-ஷாம்பெய்ன் போன்றவற்றில் பல்கலைக்கழகத்தின் பொதுவான சேர்க்கை விகிதத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எந்தக் கல்லூரியைச் சேர்த்தாலும், அதன் தளத்தில் சட்டப்படி இருக்க வேண்டிய செலவுக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டு, குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா என்று கணவரும் நீங்களும் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் எர்லி டிசிஷன் முறையில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதால், இந்தக் கணக்கை முடிக்காமல் அதில் கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: என் விவரங்களைக் கொடுத்தால் வாய்ப்பைக் கணித்துச் சொல்லும் ஓர் இணையதளம், ஒரு கல்லூரிக்கு எனக்கு 23 சதவீதம் என்றது. ஒரு செயல்பாட்டைக் கூடுதலாகச் சேர்த்ததும் 31 ஆகிவிட்டது. இதை நம்பலாமா? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்)

பதில்: தம்பி, அந்தத் தளம் உங்கள் கட்டுரையைப் படிக்கவில்லை, உங்கள் ஆசிரியரின் கடிதத்தைப் பார்க்கவில்லை, உங்கள் பள்ளியைப் பற்றி ஏதும் அறியவில்லை. உங்களைப் போன்ற மதிப்பெண் உள்ளவர்களுக்குச் சராசரியாக என்ன நடந்திருக்கலாம் என்பதற்கு மேல் அதனால் எதையும் சொல்ல முடியாது. பெட்டியில் ஒரு குறி போட்டதும் எட்டுச் சதவீதம் ஏறியது என்பதே, அது உங்களை எடைபோடவில்லை, குறிகளை எண்ணுகிறது என்பதைக் காட்டிவிட்டது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, 650 சொற்களுக்குள் எழுத வேண்டிய கட்டுரையை உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம் கொடுத்து, ‘இது நான்தானா?’ என்று கேளுங்கள்.

கேள்வி: டெக்சாஸில் 410 பேர் படிக்கும் வகுப்பில் என் மகள் ஏழாவது இடத்தில் இருக்கிறாள். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்கிறார்கள். உண்மையா?

பதில்: வாய்ப்பைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய அரிய இடங்களில் இதுவும் ஒன்று. பள்ளித் தர வரிசையில் முன்னணியில் இருப்பவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் தர வேண்டும் என்று டெக்சாஸ் 1997-இல் சட்டம் இயற்றியது. ஆஸ்டினுக்கு மட்டும் வரம்பு இறுக்கமானது; முன்பு முதல் ஆறு சதவீதமாக இருந்தது, 2026 இலையுதிர் காலத்தில் சேர்பவர்களிலிருந்து முதல் ஐந்து சதவீதம். 410-இல் ஏழு என்பது இரண்டு சதவீதத்துக்கும் கீழே. எனவே கேட்கப்பட்ட எல்லாவற்றோடும் விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்குள் அனுப்பினால் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு. ஆனால் அவள் விரும்பும் பாடப்பிரிவுக்கு அந்த உறுதி கிடையாது. கணினி அறிவியல், பொறியியல், வணிகம் ஆகியவற்றில் முதல் ஐந்து சதவீதத்தினரே தங்களுக்குள் போட்டியிடுகிறார்கள். தர வரிசையால் இடம் உறுதி என்று கட்டுரைகளை அலட்சியமாக எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாடப்பிரிவை முடிவுசெய்யும்போது அவற்றையும் படிப்பார்கள். இரண்டாவது விருப்பமாக எந்தப் பாடத்தைக் குறிக்கப் போகிறாள் என்பதையும், அதுதான் கிடைத்தால் மனமுவந்து படிப்பாளா என்பதையும் விண்ணப்பம் அனுப்பும் முன்பே அவளிடம் கேட்டுவிடுங்கள்.